எவ்வளவு என்பதைவிட எப்போது: முலாம்பழக் கொடியும் பீச் மரமும்

விதைப் பொட்டலங்களின் பின்புறக் குறிப்புகளைப் படித்தால், பெரும்பாலும் அதே மூன்று வரிகள்தாம் இருக்கும்: நல்ல வெயில் வேண்டும், போதிய நீர் வேண்டும், நீர் தேங்காத மண் வேண்டும். முலாம்பழ விதைக்கும் இதே வரிகள். இணையத்தில் விற்கப்படும் வெளிநாட்டு மர விதைக்கும் இதே வரிகள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செவல் மண் வைத்திருக்கும் ஒருவர் இவற்றை நம்பி இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால், ஒன்று மூன்று மாதத்தில் பழம் தரும். மற்றொன்று முளைக்காமலே போகும். அந்தக் குறிப்பில் பொய் ஏதும் இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதைச் சொன்ன அது, எப்போது வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. தாவரங்களின் தேவையைப் புரிந்துகொள்ள விரும்பும் புதியவர் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விளக்குவதற்காகவே, இயல்பில் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்கும் இரண்டு தாவரங்களை இங்கே அருகருகே வைக்கிறேன்.

முதலாவது முலாம்பழக் கொடி. வலைப்பின்னல் போன்ற தோலுடைய முலாம்பழமும், செட்டிநாட்டுக் கடைத்தெருவில் சித்திரை, வைகாசியில் வெடித்த நிலையில் கூடைகளில் வந்து சேரும் வெள்ளரிப்பழமும் ஒரே தாவர இனத்தின் வெவ்வேறு வகைகள். ஆகவே, நாட்டுச் சர்க்கரை தூவி வெள்ளரிப்பழம் சாப்பிட்டவர் எவருக்கும் இந்தக் கொடி அந்நியமானதல்ல. இரண்டாவது, ஐரோப்பாவின் பீச் (beech) மரம். பீச் பழம் தரும் மரம் வேறு; இது ஓக் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு மரம். வழவழப்பான சாம்பல்நிறப் பட்டையுடன் 30 முதல் 40 மீட்டர் வரை உயர்ந்து, இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைகளில் எஞ்சியுள்ள பழைமையான பீச் காடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2007-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் அந்தப் பதிவு ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்கும் பலமுறை விரிவாக்கப்பட்டு, இன்று 18 நாடுகளின் காடுகள் அதில் உள்ளன.

இரண்டின் ஆயுளையும் முதலில் பார்க்க வேண்டும்; ஏனெனில் மற்றத் தேவைகள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. முலாம்பழ விதை வெதுவெதுப்பான மண்ணில் 4 முதல் 7 நாட்களில் முளைக்கும். ஒரு மாதம் கடந்ததும் பூக்கத் தொடங்கும். காய் பிடித்த 30 முதல் 45 நாட்களில் பழம் ஆகும். மொத்தத்தில் 80 முதல் 100 நாட்களுக்குள் கொடியின் வாழ்வு முடிந்துவிடும். பீச் மரமோ திறந்த வெளியில் நின்றாலும் நல்ல அளவில் விதை தருவதற்கு 40, 50 ஆண்டுகள் ஆகின்றன. அடர்ந்த காட்டுக்குள் அதற்கும் மேலாகும். அதன் பிறகும் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்கள் எல்லாம் சேர்ந்து ஏராளமாகக் காய்த்து, நடுவில் உள்ள ஆண்டுகளில் பெரும்பாலும் சும்மா இருக்கும். வட்டித்தொழில் நடந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது: கொடி அன்றன்று வந்ததை அன்றன்றே செலவிடுகிறது, மரமோ வந்ததில் பெரும்பகுதியை முதலோடு சேர்க்கிறது. தண்டாகவும் வேராகவும் பட்டையாகவும் சேர்ந்திருக்கும் அந்த முதல்தான் ஒரு மோசமான ஆண்டில் மரத்தைக் காப்பாற்றுகிறது. கொடிக்கு அப்படி ஒரு சேமிப்பு இல்லாததால், அதன் நூறு நாட்களில் ஒரு வாரம் தவறினாலும் அந்தத் தவறு பழத்தில் தெரிந்துவிடும்.

இனி விதையிலிருந்து தொடங்கலாம். முலாம்பழ விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் படாமல் வைத்தால் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதை எழுப்புவதற்கு ஈரமும் சூடும் போதும். மண்ணின் வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அது முளைக்காமல் அழுகிப்போகும், 28 முதல் 32 டிகிரி வரை இருந்தால் விரைந்து முளைக்கும். பீச் விதையின் நடத்தை இதற்கு நேர்மாறானது. இலையுதிர் காலத்தில் கீழே விழும் அந்த விதை, அப்போது மண்ணில் ஈரமும் ஓரளவு வெதுவெதுப்பும் இருந்தாலும் முளைப்பதில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, ஈரமான குளிரில், பல வாரங்கள் கிடந்த பிறகே அதன் உறக்கம் கலைகிறது. இது காரணமில்லாத பிடிவாதம் அன்று. இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிட்டால், அடுத்து வரும் உறைபனி அந்தப் பிஞ்சு நாற்றைக் கொன்றுவிடும். குளிர்காலம் வந்துபோனதற்கு விதைக்கு இருக்கும் ஒரே சான்று, தான் பட்ட குளிர்தான். அந்தச் சான்று கிடைக்கும்வரை அது காத்திருக்கிறது.

வளர்ந்த மரத்துக்கும் இதே விதி பொருந்துகிறது. பீச் மரத்தின் மொட்டுகள் வசந்தத்தில் விரிவதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன: நீண்ட குளிர் கழிந்திருக்க வேண்டும், பகல்பொழுது நீண்டிருக்க வேண்டும், வெப்பம் திரும்பியிருக்க வேண்டும். மிதவெப்ப நாடுகளின் மரங்களிலேயே குளிர்த்தேவை மிக அதிகமானவற்றுள் இதுவும் ஒன்று. செட்டிநாட்டில் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அந்தக் காலைகளில் நாம் போர்வையை இழுத்துக்கொண்டாலும், பீச் மொட்டின் கணக்கில் அது கோடைதான். ஆகவே எவ்வளவு கவனமாக நீரும் உரமும் இட்டாலும் அந்த மரம் இங்கே தன் ஆண்டுச் சுழற்சியை ஒழுங்காகத் தொடங்க இயலாது. குளிரை ஒரு குறைபாடாகவே கருதிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நீரும் ஒளியும் போலவே குளிரும் சில தாவரங்களுக்கு ஓர் உணவுக்கு நிகரான தேவை என்பதைத் தோட்டக்கலை கற்பவர் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

நீரின் கதை இன்னும் நுட்பமானது. பீச் மரம் இங்கே வளராததற்கு மழை போதாமையே காரணம் என்று பலரும் எண்ணுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பீச் காடுகள் மிகுந்த ஜெர்மனியின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். காரைக்குடி, சிவகங்கை வட்டாரத்தில் பெய்வது ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அளவில் நாம் குறைந்தவர்கள் அல்லர். வேறுபாடு, அந்த மழை எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் மண்ணில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஜெர்மனியில் மழை பன்னிரண்டு மாதங்களிலும் பிரிந்து பெய்கிறது. இலை விரிந்து நிற்கும் கோடை மாதங்களிலும் மரத்துக்கு நீர் கிடைக்கிறது. காற்று குளிர்ந்திருப்பதால் ஆவியாவதும் குறைவு. நமக்கோ ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. ஆவணி, புரட்டாசியின் மாலைநேர இடிமழை அதற்கு முன்னே ஓரளவு ஈரம் தருகிறது. தை பிறந்த பின் பல மாதங்கள் வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது. சரளையும் செம்புறாங்கல்லும் கலந்த மண், பெய்த நீரை நீண்ட நாள் பிடித்துவைப்பதும் இல்லை. இந்த வட்டாரத்து மக்கள் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, வீட்டுக் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த நீரைக்கூட வீணாக்காமல் அவற்றுக்கு அனுப்பிவைத்ததன் பின்னால் இருப்பது இந்தக் காலக் கணக்குதான்.

பீச் மரம் கோடைநீரை ஏன் அவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு இலையின் வேலையை அறிய வேண்டும். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. உணவு தயாரிப்பதற்கான கரியமில வாயு அந்தத் துளைகளின் வழியாகவே உள்ளே வருகிறது, ஆனால் துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மண் உலர்ந்தால் தாவரம் துளைகளை மூட வேண்டும். மூடினால் உணவு நின்றுவிடும். பீச் மரத்தின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் அகலமாகப் பரவுபவை, ஆழத்து நீரைத் தேடிச் செல்லும் ஆணிவேரை அது பெரிதாக வளர்ப்பதில்லை. அதனால்தான் 2018-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் நடு ஐரோப்பாவின் பல பீச் காடுகளில் இலைகள் கோடையிலேயே பழுத்து உதிர்ந்தன. அடுத்த ஆண்டுகளில் பல மரங்களின் உச்சிக்கிளைகள் காய்ந்தன. தனக்கு உகந்த நிலத்திலேயே ஒரு கோடை தவறியதற்கு இந்த விளைவு என்றால், நம் பங்குனி வெயிலில் அதன் நிலையை ஊகிப்பது கடினமன்று.

முலாம்பழக் கொடிக்கும் நீர் வேண்டும். ஆனால் அதன் தேவை நூறு நாட்களுக்குள்ளேயே மூன்று விதமாக மாறுகிறது. முளைத்துப் படரும்போது மண்ணின் மேல் ஒரு சாண் ஆழம் ஈரமாக இருந்தால் போதும். பூத்துக் காய் பெருக்கும் நாட்களில் நீர் தடைபடக் கூடாது. ஒரு வாரம் காயவிட்டு, பிறகு குழி நிறையப் பாய்ச்சினால், உள்ளே சதை திடீரெனப் பெருத்துத் தோல் வெடித்துவிடும். பழம் முற்றத் தொடங்கிய பின் நீரைக் குறைக்க வேண்டும். அப்போதும் தாராளமாகப் பாய்ச்சினால் பழம் பெரிதாக இருக்கும், சுவை மட்டும் நீர்த்துப்போகும். இந்த மூன்றாம் கட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. வாழைக்காயில் இருப்பதுபோல் முலாம்பழத்தில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. வாழைக்காயைப் பறித்து வைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறி இனிக்கும். முலாம்பழத்தைப் பறித்து வைத்தால் மணம் கூடலாம், சதை மென்மையாகலாம், இனிப்பு கூடாது. அதன் இனிப்பு முழுவதும் கொடியில் இருக்கும்போதே இலைகளிலிருந்து வந்து சேர வேண்டும். எனவே கடைசி இரண்டு வாரங்களில் இலைகள் நோய் பிடிக்காமல் பச்சையாக நிற்பதே பழத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மாலையில் இலைகளின் மேல் நீர் தெளித்து இரவெல்லாம் நனைய விடுவதைத் தவிர்த்து, காலையில் வேரடியில் மட்டும் பாய்ச்ச வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கொடியின் இந்த அட்டவணை நம் பருவத்தோடு இயல்பாகவே பொருந்துகிறது. மழை ஓய்ந்த தை, மாசியில் விதைத்தால், மண்ணடியில் எஞ்சிய ஈரம் முளைப்புக்கும், ஏறிவரும் வெயில் சர்க்கரைக்கும், மழையற்ற வறண்ட காற்று இலைகளின் நலத்துக்கும் உதவும். கண்மாய் வற்றும்போது அதன் உள்வாய்ப் படுகையில் வெள்ளரி போடும் வழக்கம் தென் மாவட்டங்களில் நெடுங்காலமாக இருப்பது இதனால்தான்: நீர் பின்வாங்கிய வண்டலில் ஈரமும் சத்தும் சேர்ந்தே கிடக்கின்றன.

ஒளியைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. கொடிக்கு நாள் முழுதும் நேர்வெயில் வேண்டும்; அரை நிழலில் அது படரும், பழம் இனிக்காது. பீச் மரம் இளமையில் நிழலை வியக்கத்தக்க அளவு பொறுத்துக்கொள்ளும். தாய்மரத்தின் அடர்ந்த நிழலில் ஆளுயரம்கூட எட்டாமல் பல பத்தாண்டுகள் காத்திருந்து, பெரிய மரம் ஒன்று சாய்ந்து வானம் திறக்கும் நாளில் உயர எழும் கன்றுகள் அந்தக் காடுகளில் உண்டு. அதே வேளையில், சுற்றியிருந்த மரங்களை ஒரேயடியாக வெட்டி ஒரு பீச் மரத்தைத் தனியே நிறுத்தினால், திடீர் வெயிலில் அதன் மெல்லிய பட்டை கருகிப் பிளந்துவிடும். இங்கேயும் வெயிலின் அளவைக் காட்டிலும் அது எந்த வயதில், எவ்வளவு படிப்படியாக வருகிறது என்பதே முக்கியமாகிறது.

மண்ணைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பொதுவான விருப்பம் ஒன்று உண்டு: வேரடியில் நீர் தேங்கக் கூடாது. அதற்கு மேல் இரண்டும் பிரிகின்றன. கொடிக்குச் சில வாரங்களுக்குள் ஏராளமான சத்து வேண்டும் என்பதால், விதைப்பதற்கு முன்பே குழியில் மட்கிய தொழு உரமோ ஆட்டுப் புழுக்கையோ கலந்து வைக்க வேண்டும். ஆட்டுக்கிடை போட்ட நிலம் கிடைத்தால் மிகவும் நல்லது. தொடக்கத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்), காய் பெருக்கும்போது சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்பது அதன் வரிசை. வரிசை மாறிப் பூக்கும் சமயத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் கொடி இலையாகவே படர்ந்து காய்ப்பதைத் தள்ளிப்போடும். பீச் காட்டுக்கு எவரும் உரமிடுவதில்லை. ஆண்டுதோறும் உதிரும் இலைகள் மெல்ல மட்கி மண்ணுக்குத் திரும்புகின்றன. வேர்களைப் போர்த்தி வாழும் பூஞ்சைகள் அந்தச் சத்தையும் நீரையும் மரத்துக்குச் சேர்த்துத் தந்து, பதிலுக்கு மரத்தின் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. சருகை அள்ளி எரிக்கும் நம் பழக்கம் எந்த மரத்துக்குமே கேடு என்பதை இந்த இடத்தில் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

காய் பிடிப்பதற்கு உதவுவோரும் வேறு. முலாம்பழக் கொடியில் ஆண்பூக்கள் முதலில் வரும். புதியவர்கள் அவை உதிர்வதைக் கண்டு கவலைப்படுகிறார்கள், அது தேவையில்லை. சில நாட்கள் கழித்துப் பக்கக் கிளைகளில் பிஞ்சோடு கூடிய பூக்கள் வரும். ஒரு பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும்; அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் பலமுறை வந்துபோக வேண்டும். வருகை குறைந்தால் பழம் ஒரு பக்கம் சூம்பிப்போகும். ஆகவே பூச்சிமருந்து தவிர்க்க முடியாதது என்றாலும், அதைக் காலையில் தெளிப்பது பெரும் தவறு. பீச் மரத்துக்குத் தேனீ வேண்டாம். இலைகளோடு சேர்ந்து வெளிவரும் அதன் பூக்களின் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது.

பீச் மரம் வளராத மண்ணில், அதைப் போல் தலைமுறைகளுக்கு நிற்கும் மரம் வேண்டும் என்று விரும்புபவர் எதை நடலாம்? என் பரிந்துரை இலுப்பை. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று அமைந்த இலுப்பைக்குடியின் பெயரிலேயே நிற்கும் மரம் இது. கோயில் விளக்குகளுக்கு நெடுங்காலம் எண்ணெய் தந்ததும் இதுவே. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்ற பழமொழி நமக்குத் தெரியும். அந்தப் பூவின் சதைப்பற்றுள்ள இதழ்களில் உண்மையாகவே சர்க்கரை மிகுதி. இரவில் பழந்தின்னி வௌவால்கள் அதைத் தேடி வந்து மகரந்தத்தைக் கடத்துகின்றன. விடியற்காலையில் இதழ்கள் தரையில் உதிர்ந்து கிடக்கும். மாசி, பங்குனி வாக்கில் பழைய இலைகளை உதிர்த்துப் பூவும் தளிருமாக எழும் இந்த மரம், நமது மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தன் ஆண்டை வகுத்துக்கொண்டிருக்கிறது. பீச் மரத்துக்குக் குளிர் ஒரு கதவு என்றால், இலுப்பைக்கு அப்படியொரு கதவே இல்லை. வேரும் வேறு வகை: நாற்றாக இருக்கும்போதே ஆணிவேரை ஆழமாக இறக்கிவிடுவதால், வளர்ந்தபின் சரளை நிலத்தின் நீண்ட கோடையையும் தாங்குகிறது.

ஆனால் இலுப்பையிலும் 'எப்போது' என்ற கேள்வி உண்டு, அது விதையில் இருக்கிறது. எண்ணெய் மிகுந்த அந்த விதை உலர்ந்தால் உயிர் இழந்துவிடும். முலாம்பழ விதையைப் போல் புட்டியில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாது. பீச் விதையைப் போல் குளிரூட்டவும் கூடாது. ஆனி, ஆடியில் பழுத்து விழுந்த விதையைப் பொறுக்கிச் சில வாரங்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். ஆழமான ஆணிவேர் விடும் மரம் என்பதால், நிலத்திலேயே நேரடியாக ஊன்றுவது சிறந்தது. பையில் வளர்த்தால் வேர் சுருளும் முன், ஓராண்டுக் கன்றாகவே நட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி இறுதி, ஐப்பசி நடுவதற்கு உரிய காலம். முதல் பூ வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். மரத்துக்கு மரம் குறைந்தது 8 மீட்டர் இடைவெளி வேண்டும்; சின்னஞ்சிறு கன்றைப் பார்க்கும்போது இது மிகையாகத் தெரிந்தாலும் குறைக்கக் கூடாது.

அந்தப் பத்து ஆண்டுகளில் முதல் சில ஆண்டுகளுக்குக் கன்றுகளுக்கு நடுவே உள்ள வெயில்பட்ட நிலத்தில் முலாம்பழமும் வெள்ளரியும் போடலாம். அப்போது இரண்டுக்கும் ஒரே வாய்க்காலில் நீர் விடாமல், கொடிக்குத் தனிக் குழியும் கன்றுக்குத் தனிப் பாத்தியும் அமைப்பது நல்லது. கொடிக்கு இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை சிறிதளவாக விட வேண்டும். கன்றுக்கு அப்படி அடிக்கடி மேலாக விட்டால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை ஆழமாக இறங்கும்படி பாய்ச்சி, பாத்தியில் சருகு மூடாக்குப் போட்டு, இரண்டு மூன்று கோடைகளுக்குப் பின் படிப்படியாக நிறுத்திவிடலாம். வெள்ளரிக் குடும்பத்துக் கொடிகளை ஒரே குழியில் ஆண்டுதோறும் போட்டால் மண்வழி நோய்கள் பெருகும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். இலுப்பையின் நிழல் அகன்று கொடியின் மேல் விழத் தொடங்கியதும், கொடிக்குத் தோட்டத்தில் வேறு திறந்த மூலையை ஒதுக்கிவிடலாம்.